கீழ் மெமரியில் ஒரு மாமனார்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. பைக்குள் என் மாமனார் இருக்கிறார்.

பயப்படாதீர்கள், அஸ்தியெல்லாம் இல்லை. கம்ப்யூட்டர். ஜிப்பைத் திறந்தே காட்டுகிறேன், பாருங்கள். ரப்பர் பட்டன் வைத்த ஒரு சின்னப் பொட்டி, அவ்வளவுதான். டிபன் டப்பா மாதிரி இருக்கிறதா? எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். இதைப் பழைய டிவியில் செருகி, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் கொஞ்ச நேரம் கீச்கீச்சென்று கத்தும். கத்தி முடித்ததும் மாமனார் பேசுவார். ரெண்டே சொல். "உலகு, சாப்பிட்டியா?"

நீங்கள் எதுவரை? குற்றாலமா? நல்லதாகப் போயிற்று. முழுக்கக் கேட்கலாம். பாதியில் இறங்குகிறவர்களிடம் சொன்னால் என்னைத்தான் தப்பாக நினைக்கிறார்கள். போன வாரம் ஒருவர் கடையநல்லூரில் இறங்கினார். இறங்கும்போது என்ன சொன்னார் தெரியுமா? "அந்தம்மா பாவம்." அந்தம்மா பாவமாம்! அவளுக்கு என்ன, அம்மா வீட்டில் உட்கார்ந்து சுடச்சுடத் தோசை சாப்பிடுகிறாள். ஆடி மாசத்திலிருந்து ஓட்டலில் சாப்பிடுகிறவன் நான்.

என் பெயர் பூமிநாதன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எப்போதும் நைட் ஷிப்ட்டுதான், நானே கேட்டு வாங்கிக்கொண்டது. என் தொழிலே காதுதான் அண்ணாச்சி. நூல் சுற்றுகிற ஸ்பிண்டில் எல்லாம் ஒன்றாகச் சுழலும்போது அதில் எது நடுங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நடுக்கம் இருந்தால் நூல் அறும். அதனால் எங்கே நடுக்கம் கேட்டாலும் எனக்குக் கை பரபரக்கும். பஸ் என்றாலும் சரி, மிக்சி என்றாலும் சரி. இந்தப் பஸ்ஸிலேயே பின் சக்கரத்துப் பக்கம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குக் கேட்காது. விடுங்கள்.

பகலில் எனக்குத் தூக்கம் வராது. ஊரே நடமாடிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடிக் கிடக்கிறவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும். சிலர் சீட்டாடுவார்கள். நான் படிப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. பழைய புத்தகக் கடையில் எடைக்குப் போட்ட புத்தகங்களாக வாங்கி, புரியாததை நாலு தடவை படித்து, அப்படியும் புரியாததை மில்லுக்குக் கொண்டுபோய் அங்கே மெஷின் இரைச்சலில் படித்து... இரைச்சலில்தான் எனக்கு நன்றாகப் புரியும்.

சரி, மாமனார்.

மாமனார் பேர் சிவசைலம். தென்காசியில் சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவென்றாலும் ஸ்பீக்கர் குழாய் கட்டுவது அவர்தான். மகள் உலகம்மை. நானும் அவளும் வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டோம். அந்தக் கதை வேண்டாம், அது எல்லா ஊரிலும் நடக்கிற கதை. மாமனார் அன்றைக்கு வாயை மூடியவர்தான். ஊருக்கெல்லாம் மைக் கொடுத்த மனுஷன், மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலேயே செத்தும் போனார். சாவுக்குப் போனோம். என் மாமியார் எங்களை வாசலில் ஏற்றவில்லை. தெருமுனையில் ஒரு சோடாக் கடை இருந்தது. அங்கேயே நின்று, பாடை எங்களைத் தாண்டிப் போனதும் திரும்பினோம்.

பதினாறாம் நாள் முடிந்து, என் மச்சினன் குற்றாலிங்கம் எங்கள் வீட்டுக்கு ஓடி வருகிறான். அப்போது அவன் பாலிடெக்னிக் மாணவன். மூச்சு வாங்குகிறது. "அக்கா, அப்பா உன்கிட்ட பேசியிருக்காரு!"

எப்படி என்றால், அவனுடைய சித்தப்பா பால்வண்ணம் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததுதான் இந்தப் பொட்டி. குற்றாலிங்கம் ஒரு பத்திரிகையைப் பார்த்து, குரலைப் பதிந்து திருப்பிச் சொல்கிற ப்ரோகிராம் ஒன்றை இதில் அடித்திருக்கிறான். "அப்பா, ஏதாச்சும் பேசுங்க" என்று மைக்கை நீட்டியிருக்கிறான். வாழ்நாள் முழுக்க "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொன்ன மனுஷன், அன்றைக்கு மட்டும் "உலகு, சாப்பிட்டியா?" என்றிருக்கிறார்.

போய்க் கேட்டோம். டிவியில் மாமனார் முகம். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் குற்றாலிங்கம் வரைந்தது. பார்க்கப் பூனை மாதிரிதான் இருக்கும், மீசையால் கண்டுபிடிக்கலாம். அப்புறம் குரல். நடுங்குகிறது அண்ணாச்சி. "உ... ல... கு..." என்று தொண்டை அடைத்து, கரகரத்து, விட்டு விட்டு. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அழுதிருக்காரே! எனக்குத் தெரியாம அழுதிருக்காரே! அவரே அழுத பொறவு நான் யாரு முறைக்கதுக்கு? உள்ள வாங்க ரெண்டு பேரும்."

அப்படித்தான் நாங்கள் அந்த வீட்டுக்குள் போனோம். அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் திதிக்கு இந்தப் பொட்டிக்கும் படையல். கேசட் கத்தத் தொடங்கியதும் எல்லோரும் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பார்கள். கீச்சென்ற சத்தத்துக்குப் போய்ப் பால்வண்ணம் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அப்புறம் குரல், அப்புறம் அழுகை, அப்புறம்தான் காக்காய்க்குச் சோறு. உலகம்மை மட்டும் அழ மாட்டாள். குரல் முடிந்ததும் டிவியைப் பார்த்து மெதுவாக, "சாப்பிட்டேம்ப்பா" என்பாள். வருஷா வருஷம். முப்பது வருஷத்துக்கு மேல்.

எனக்கு மட்டும் அந்த நடுக்கம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்று கேளுங்கள். மனுஷன் அழுதால் நடுக்கம் சீராக வராது. கூடும், குறையும். இது அச்சுப் பிடித்தது மாதிரி ஒரே தாளத்தில் வருகிறது. அது பேரிங் கோளாறு மாதிரி. மனசுக் கோளாறு இல்லை.

போன வருஷம் எடைக்கு வாங்கிய ஒரு புத்தகக் கட்டுக்குள் இந்தப் பொட்டியைப் பற்றிய புத்தகமே கிடைத்துவிட்டது. படித்தேன். புரிந்துவிட்டது. என்ன சந்தோஷம் தெரியுமா! ஷிப்ட்டில் என் கூட வேலை பார்க்கிறவனைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவன் எனக்கு ஏதோ குழந்தை பிறந்திருப்பதாக நினைத்துக்கொண்டான், இந்த வயதில்.

உங்களுக்கும் சொல்கிறேன், ரொம்ப லேசு. இந்தப் பொட்டிக்குள் ரெண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் டிவியில் படம் போடுகிறவன். இன்னொருவன் மற்ற எல்லாம் பார்க்கிறவன், குரலும் அவன் பொறுப்பு. மெமரி ரெண்டு பகுதி, கீழ், மேல். கீழ் மெமரி தெருக்குழாய் மாதிரி, ரெண்டு பேருக்கும் பொது. படக்காரன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் குரல்காரன் ஒதுங்கி நிற்க வேண்டும். படம் தாமதித்தால் டிவியில் கிழிந்து தெரியும், ஊரே பார்க்கும். குரல் தாமதித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மேல் மெமரி அப்படி இல்லை. அது குரல்காரனுக்கு மட்டும் போட்ட தனிக்குழாய். குற்றாலிங்கம் பார்த்து அடித்த ப்ரோகிராம், மேல் மெமரியே இல்லாத சின்னப் பொட்டிக்காக எழுதியது. அதனால் எல்லாம் கீழேயே கிடந்தது. குரல்காரன் சீராக ஊற்ற வேண்டிய நேரத்தில் ஒதுங்குகிறான், ஊற்றுகிறான், ஒதுங்குகிறான், ஊற்றுகிறான். நொடிக்கு ஐம்பது தடவை. அதுதான் அண்ணாச்சி அழுகை. மாமனார் முகத்தை வரைகிறவன்தான் மாமனார் குரலை மறிக்கிறவன்!

விடுவேனா? தூசி தட்டித் தருகிறேன் என்று பொட்டியை வாங்கி வந்து, எல்லாவற்றையும் தூக்கி மேல் மெமரியில் போட்டேன். முதலில் குரல் வேகமாக ஓடியது. தடுக்க ஆளில்லை அல்லவா, மாமனார் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி "உலகுசாப்டியா" என்கிறார். அதற்கும் கணக்குப் போட்டு நிதானப்படுத்தினேன். எவ்வளவு சுத்தமான குரல்! உலகுக்கும் சாப்பிட்டியாவுக்கும் நடுவில் அவர் மூச்சு எடுப்பதே கேட்கிறது.

வீட்டில் சொல்லவில்லை. திதியன்று ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

கேசட் கத்தியது. எல்லோரும் கையைக் கூப்பினார்கள். பூனை முகம் வந்தது. மாமனார் பேசினார். கணீரென்று. "உலகு, சாப்பிட்டியா?"

கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பந்தலில் மைக் செட்காரர் சமையல்காரனைக் கேட்பார் பாருங்கள், 'சாப்பிட்டாச்சா' என்று, அப்படி இருந்தது. அவ்வளவு சுத்தம். நான் பெருமையாக எல்லோர் முகத்தையும் பார்க்கிறேன்.

மாமியார் கேட்டாள், "இது யாரு?"

"மாமாதான் அத்தை. நடுக்கத்தைச் சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணிட்டீகளா?"

"அது அழுகையே இல்லை அத்தை. மெமரி." தெருக்குழாய்க் கதை முழுவதையும் சொன்னேன். மாமாவுக்கும் அழுகைக்கும் சம்பந்தமே இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தேன்.

பால்வண்ணம் தலையில் கை வைத்துக்கொண்டார். "செத்த மனுசன் அழுததக்கூட விட்டு வைக்கலையே மாப்ளே நீரு!"

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் ஒன்று கேட்டாள் பாருங்கள். "அவரு அழுதாருன்னுதான ஒங்கள உள்ள விட்டேன்? அழலேன்னா?"

"அத்தை, எங்க மகளுக்கே கல்யாணம் ஆகி..."

"அது வேற. அன்னைக்கு உள்ள விட்டது சரியா தப்பா? அதச் சொல்லுங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கல்யாணத்தை மறுபடியும் விசாரிக்க உட்கார்ந்துவிட்டார்கள் அண்ணாச்சி! பேசி முடிக்கிறவரை நான் வீட்டுக்குள் இருக்கக் கூடாதாம். "அன்னைக்கு நின்ன இடத்துல போய் நில்லுங்க" என்றாள் மாமியார். போனேன். சோடாக் கடை இப்போது செல்போன் கடை. அதன் வாசலில் வேட்டியோடு நிற்கிறேன். என் மருமகன், மகளைக் கட்டியவர், வந்து இலையில் வைத்த வடையைக் கொடுத்துவிட்டு, "மாமா, எங்க கல்யாணமும் இதுல சேருமா?" என்று கேட்கிறார். எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது?

திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்கு நிரூபிக்க இன்னொரு வாய்ப்பு. குற்றாலிங்கத்தை மைக் முன்னால் உட்கார வைத்தேன்.

"மாப்ளே, அழுகைக்குச் சம்பந்தமில்லாத எதையாவது சொல்லு."

"கத்திரிக்கா கால் கிலோ" என்றான் அவன்.

அதைக் கீழ் மெமரியில் போட்டு ஓட்டினேன். "க... த்தி... ரி... க்கா..." என்று கத்திரிக்காய் கதறுகிறது. "பார்த்தீங்களா? கத்திரிக்காய்க்கு யாராவது அழுவாங்களா?"

திரும்பிப் பார்த்தால் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். பால்வண்ணம் குற்றாலிங்கத்தின் தோளைப் பிடித்து, "லேய், உண்மையைச் சொல்லு. வீட்டுல என்ன கஷ்டம்? கால் கிலோவுக்கா இந்தப் பாடு படுத?"

"சித்தப்பா, நான் சும்மா சொன்னேன்."

"மறைக்காதலே. கொரலு காட்டிக் கொடுத்துட்டு."

அப்புறம் அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ளே, எனக்கும் ஒண்ணு கீழ போட்டு வையும்."

"என்ன மாமா சொல்லணும்?"

"எதையாச்சும். நான் போனா அழ எனக்கு யாரு இருக்கா? நானே அழுதுக்கிடுதேன்."

விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. வார்டுத் தேர்தலில் தோற்ற ஒருவர் வந்தார். அடுத்த தடவை ஓட்டுக் கேட்பதைக் கீழ் மெமரியில் கேட்டால் விழுமா என்றார். ஒருவர், துபாயில் இருக்கிற மகனுக்கு "கரண்டு பில் கட்டியாச்சு" என்பதை அழுத மாதிரி அனுப்ப முடியுமா என்று கேட்டார். நான் யாருக்கும் செய்து கொடுக்கவில்லை. எனக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது.

கடைசியில் மாமனாரைத் திரும்பக் கீழேயே இறக்கிவிட்டேன். பழையபடி நடுங்கினார். மாமியார், "இப்பத்தான் இவரு" என்றாள். வழக்குத் தள்ளுபடி. கல்யாணம் செல்லும். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

உலகம்மை மட்டும் டிவி முன்னாலேயே நின்றாள். வழக்கமான "சாப்பிட்டேம்ப்பா"வைச் சொல்லவில்லை. காக்காய்ச் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

"பழையபடி ஆயிட்டுல்லா உலகு, வா" என்றேன்.

"கேக்கும்போது எனக்கு அப்பா தெரியலைங்க. தெருக்குழாய்தான் தெரியுது."

"அது உண்மைதானே."

"உண்மைதான். நான் இல்லைன்னா சொன்னேன்?" டிவி சுவிட்சை அணைத்தாள். "நெனச்சா அழ வைக்கிறீங்க, நெனச்சா நிறுத்துறீங்க. இனிமே யார் கொரலை நான் நம்பணும்? ஒங்க கொரலையும் சேத்துத்தான் கேக்கேன்."

அன்றைக்கு என்னோடு பஸ் ஏறவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். மாமியார் பக்கத்திலேயே நின்று அப்பளத்தை நொறுக்கித் தின்றுகொண்டிருக்கிறாள். அதிலிருந்து உலகு போன் எடுப்பதில்லை. தென்காசியிலேயே வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் எடுத்து, "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்பாள். எப்போது கூப்பிட்டாலும் குளியல்.

நான் யோசித்தேன். அவள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தக் குரலை நம்புவது? அப்படியானால் சந்தேகமே வராத குரலாகக் கொடுத்துவிட வேண்டும். போனில் பேசினால் டவர் விட்டு விட்டு வரும், அதையும் அழுகை என்பாள். அதனால் மச்சினனிடம் கேட்டு இந்தப் பொட்டியை மறுபடியும் வாங்கி வந்தேன். என் குரலையே பதிந்தேன். "உலகு, வீட்டுக்கு வந்துரு." அவ்வளவுதான் செய்தி. மேல் மெமரியில் போட்டேன். ப்ரோகிராமும் மேலே, குரலும் மேலே. ஒதுங்கல், தாமதம் எதுவும் கிடையாது. சுத்தமான, நேர்மையான, நடுக்கம் இல்லாத குரல். அதை செல்போனில் பிடித்து அனுப்பிவிட்டால் அவளே தெரிந்துகொள்வாள், இதில் தந்திரம் ஒன்றும் இல்லை என்று.

இங்கேதான் என் கஷ்டம். நடுங்குகிறது அண்ணாச்சி.

மேல் மெமரியில் இருக்கிறது, நடுங்குகிறது! 'உலகு' சரியாகத்தான் வருகிறது. 'வீட்டுக்கு' கூடப் பரவாயில்லை. 'வந்துரு' என்கிற இடத்தில் ஆடிப்போய்விடுகிறது. கணக்கையெல்லாம் திரும்பப் பார்த்தேன். வயரை மாற்றினேன். மைக்கை மாற்றினேன். சரி, குற்றாலிங்கத்தின் கத்திரிக்காயை மேலே போட்டுப் பார்த்தேன், அது கணீரென்று இருக்கிறது. திரும்ப என் குரலைப் பதிந்தால், நடுக்கம். அதுவும் சீரான நடுக்கம்கூட இல்லை, கூடுகிறது, குறைகிறது. இப்படி ஒரு கோளாறை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இதை அப்படியே அனுப்பினால் என்ன நினைப்பாள்? கீழ் மெமரியில் போட்டு ஏமாற்றுகிறேன் என்றுதானே? அதனால் தென்காசியில் குற்றாலிங்கம் நடத்துகிற ரிப்பேர் கடைக்குத்தான் இப்போது போகிறேன். மாமியார் வீட்டுக்கு இல்லை. சரி பண்ணாமல் எந்த முகத்தோடு போவது? போன வாரமும் வந்தேன், அவனுக்கும் பிடிபடவில்லை. என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "டீ சாப்பிடுங்க அத்தான்" என்கிறான். படித்தவன் செய்கிற காரியமா?

நீங்களே கேட்டுப் பாருங்கள். செல்போனில் பிடித்து வைத்திருக்கிறேன், இந்தாருங்கள், காதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போதுமா? 'வந்துரு'வைக் கவனியுங்கள்...

கேட்டதா?

என்ன அண்ணாச்சி, திரும்ப ஒரு தடவை போட்டுக் கேட்கிறீர்கள்? நான் கேட்பது கோளாறு எங்கே என்றுதான். என்ன? அனுப்பிவிடுங்கள் என்கிறீர்களா? நான் இவ்வளவு நேரம் சொன்னது ஒன்றுமே மண்டையில் ஏறவில்லையா உங்களுக்கு? கோளாறோடு எப்படி அனுப்புவது? மில்லில் ஒரு நூல் அறுந்தாலே... கொடுங்கள் போனை. என்ன அழுத்துகிறீர்கள்? அண்ணாச்சி! அது அனுப்புகிற பட்டன்!

ஐயோ, என்ன காரியம் செய்தீர்கள். முன்பின் தெரியாத மனுஷன் நீங்கள். ஒரு டிக். ரெண்டு டிக். அழிப்பதற்கு எங்கே தொட வேண்டும்? உங்களுக்குத் தெரியாதா? அனுப்ப மட்டும் தெரிகிறது! நீலமாகிவிட்டது. கேட்கிறாள். இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள். "உலகு, இது மேல் மெமரிதான், காரணம் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்புகிறேன்" என்று அடிக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள், இந்தப் பஸ் ஆடுகிற ஆட்டத்தில் விரல் எங்கெங்கோ...

போன் அடிக்கிறது. அவள்தான்.

இல்லை, நான் எடுக்க மாட்டேன். எடுத்து என்ன சொல்வது? நீங்கள் எடுங்கள் அண்ணாச்சி. நீங்கள்தானே அனுப்பினீர்கள். உங்கள் குரல் நன்றாக இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். பூமிநாதன் பக்கத்தில்தான் இருக்கிறார், எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டார், நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவருக்கு இன்னும் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.